அரசு எழுதும் நிரலுக்கு எந்த உரிமம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசுத் துறைகள் எழுதுகிற, அல்லது எழுதி வாங்குகிற மென்பொருளைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவது குறித்துச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அலுவலக விவரங்களை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பெயர்களும் ஊர்களும் விடப்பட்டுள்ளன.

கேள்வி: மனுக்களைப் பதிவு செய்து, அவை எந்த மேசையில் நிற்கின்றன என்று காட்டும் மென்பொருள் ஒன்றை எங்கள் துறையின் கணினிப் பிரிவே எழுதியிருக்கிறது. அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட அனுமதி கேட்டபோது, "கிட்ஹப்பில் ஏற்றிவிடுங்கள், அது போதும்" என்றார் மேலதிகாரி. அது போதுமா?

பதில்: போதாது. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடுகளில் ஒரு நிரலை எழுதும்போதே அதன் மீது பதிப்புரிமை தோன்றிவிடுகிறது. பதிவு செய்யவோ, உரிமைக் குறிப்பு இடவோ தேவையில்லை. ஆகவே உரிமம் எதையும் இணைக்காமல் மூலநிரலை, அதாவது நிரலர்கள் எழுதிய வாசகத்தை, இணையத்தில் வைத்தால் எவரும் அதைப் பார்க்கலாம். ஆனால் அதைத் தம் அலுவலகத்தில் நிறுவவோ, திருத்தவோ, திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கவோ எவருக்கும் சட்டப்படியான அனுமதி இராது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் விதிமுறைகளும் அந்தத் தளத்துக்குள்ளேயே பார்வையிடுவதற்கும் கிளை (தமக்கென ஒரு நகல்) எடுப்பதற்கும் மேல் பிற பயனர்களுக்கு எதையும் வழங்கவில்லை. நூலகத்தில் எடுத்துப் படிக்க முடிகிறது என்பதால் ஒரு புத்தகத்தை அச்சிட்டு விற்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. நிரல் என்று வரும்போது மட்டும் அந்த எண்ணம் எப்படியோ வந்துவிடுகிறது.

கட்டற்ற மென்பொருள் என்றால், எந்த நோக்கத்துக்காகவும் அதை இயக்கவும், அது எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து மாற்றவும், நகல்களைப் பகிரவும், மாற்றிய வடிவத்தையும் பகிரவும் பெறுபவருக்கு உரிமை இருக்க வேண்டும். அந்த நான்கையும் வழங்கும் சட்ட ஆவணம்தான் உரிமம். ஆகவே உரிமத்தின் முழு வாசகத்தையும் தனிக் கோப்பாக மூலநிரலுடன் வையுங்கள். பதிப்புரிமை யாருடையது, எந்த ஆண்டு என்பதை எழுதுங்கள். ஒவ்வொரு நிரல் கோப்பின் தலைப்பிலும் உரிமத்தின் பெயரை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். கோப்புகள் தனித்தனியே பிரிந்து வேறு திட்டங்களுக்குள் போய்ச் சேரும்போது அந்த ஒரு வரிதான் கூடப் போகும்.

இன்னொன்று. அலுவலகக் குறிப்புகளில் இதை "இலவச மென்பொருள்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதிய மறுநாளே, "அரசு செலவழித்து உருவாக்கியதை எப்படி இலவசமாகக் கொடுப்பது, தணிக்கையில் கேட்க மாட்டார்களா?" என்ற வினாவுடன் கோப்பு திரும்பி வரும். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம் அது. தமிழில் "கட்டற்ற" என்ற சொல் தெளிவாக இருக்கும்போது அந்தக் குழப்பத்தை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: அமெரிக்காவில் அரசு எழுதும் நிரலுக்குப் பதிப்புரிமையே கிடையாது என்று படித்தேன். அப்படியானால் அங்குள்ள ஓர் அரசு நிறுவனம் தன் நிரலை, மாற்றியதையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட முடியுமா, முடியாதா?

பதில்: இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி, கூட்டரசின் அலுவலர்களும் ஊழியர்களும் தம் அலுவலகக் கடமையின் பகுதியாக உருவாக்கும் படைப்புகளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை. அவை பிறக்கும்போதே பொதுவுரிமைப் படைப்புகள், அதாவது எவரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். ஜிபிஎல் பதிப்புரிமையின் மேல் எழுப்பப்பட்ட ஏற்பாடு. "இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டால் நகலெடுக்கலாம்" என்று சொல்ல வேண்டுமானால், நகலெடுப்பதைத் தடுக்கும் உரிமை முதலில் கையில் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் நிபந்தனைக்குப் பிடிமானம் இல்லை. எனவே முழுவதும் கூட்டரசு ஊழியர்களே எழுதிய நிரலை அமெரிக்காவுக்குள் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட இயலாது. ஆனால் மூலநிரல் கிடைக்கும்வரை அது கட்டற்ற மென்பொருள்தான், ஏனெனில் மேலே சொன்ன நான்கு உரிமைகளும் பொதுவுரிமைப் படைப்பில் தாமாகவே அடங்கியிருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்று: அதை எடுத்து மாற்றி, மூடிய மென்பொருளாக விற்பவரைத் தடுக்க வழியில்லை.

ஏற்கெனவே ஜிபிஎல் உரிமத்தில் இருக்கும் ஒரு மென்பொருளை அந்த ஊழியர்கள் மேம்படுத்தினால் நிலைமை வேறு. அவர்கள் எழுதிய பகுதி தனியே பார்த்தால் பொதுவுரிமையில் இருக்கும். அது கலந்த முழு மென்பொருளும் ஜிபிஎல் நிபந்தனைகளுக்கு உட்பட்டே விநியோகிக்கப்பட வேண்டும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்ட எஸ்இ லினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவின் மேல் செய்த மாற்றங்களாக வெளிவந்த அப்பணி, 2003இல் 2.6 வரிசையின் வழியே கருவுக்குள்ளேயே இடம்பெற்றது. உளவு அமைப்பு ஒன்று எழுதிய நிரலை உலகம் முழுவதும் உள்ள வழங்கிகள் (பிற கணினிகளுக்குச் சேவை தரும் கணினிகள்) இன்று நம்பி இயக்குகின்றன என்றால், எழுதியவர் யார் என்பதைவிட எவரும் திறந்து பார்க்க முடியும் என்பதே அங்கே எடுபட்டது.

இந்த விலக்கின் எல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 105ஆம் பிரிவு கூட்டரசுக்கு மட்டுமே உரியது. மாநில அரசுகள் தம் படைப்புகளுக்குப் பதிப்புரிமை கோரலாம். ஒப்பந்த நிறுவனம் எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு. அது நிறுவனத்திடமே இருக்கலாம், ஒப்பந்தத்தின் வழியே அரசுக்கு மாற்றித் தரப்படவும் செய்யலாம். இப்படி வந்த பதிப்புரிமையைக் கூட்டரசு வைத்துக்கொள்ளச் சட்டம் தடை செய்யவில்லை. அந்தப் பகுதியை ஜிபிஎல் உரிமத்திலும் வெளியிடலாம். வெளிநாடுகளில் இந்த விலக்கு தானாகச் செல்லுபடியாவதும் இல்லை. அதனாலேயே அங்குள்ள சில அமைப்புகள், அமெரிக்காவில் பொதுவுரிமை என்று அறிவிப்பதோடு, பிற நாடுகளுக்காக சிசி0 என்ற பதிப்புரிமைத் துறப்பு ஆவணத்தையும் சேர்த்து வைக்கின்றன.

கேள்வி: மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?

பதில்: இல்லை, பெரும்பாலான நாடுகளில் இதற்கு நேர்மாறு. பிரிட்டனில் அரசு ஊழியர்களின் படைப்புகளுக்கு மகுடப் பதிப்புரிமை, அதாவது அரசுக்கே உரிய பதிப்புரிமை, உண்டு. அந்நாட்டு அரசின் எண்ணியல் சேவைப் பிரிவு தன் நிரல்களைப் பெரும்பாலும், மகுடப் பதிப்புரிமை என்ற குறிப்புடன், மாற்றியதை மூடி வைக்கவும் இடம் தரும் எம்ஐடி உரிமத்தில் வெளியிடுகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அரசின் வழிகாட்டுதலிலோ கட்டுப்பாட்டிலோ உருவாகும் படைப்பை "அரசுப் படைப்பு" என்கிறது. மாறான உடன்படிக்கை இல்லாதபோது அதன் முதல் உரிமையாளர் அரசே என்று 17ஆம் பிரிவும், வெளியிட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும் என்று 28ஆம் பிரிவும் கூறுகின்றன. அறுபது ஆண்டுகள் கழித்து அந்த நிரலை இயக்கக் கணினி கிடைக்குமா என்று சட்டம் கவலைப்படவில்லை.

உரிமையாளர் அரசு என்பதால் இத்தகைய நாடுகளில் எந்த உரிமத்தையும் தேர்ந்தெடுக்கலாம். அதே காரணத்தால், யாரும் எதையும் செய்யாவிட்டால் நிரல் மூடியே கிடக்கும். அமெரிக்காவில் பொதுவுரிமை தானாக வருகிறது. மற்ற இடங்களில் ஒருவர் கையெழுத்திட்டால்தான் திறக்கிறது. இந்திய மத்திய அரசு, தன் செயலிகளின் மூலநிரலைத் திறந்து கூட்டாக வளர்ப்பதற்கென்றே 2015இல் ஒரு கொள்கை வகுத்தது. 2020 மே மாதத்தில், கொரோனா தொற்றுத் தொடர்பைக் கண்டறியும் ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பின் மூலநிரல், எம்ஐடி போலவே தளர்வான அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிடப்பட்டது. ஆனால் வழங்கியில் ஓடும் பகுதி அப்போது அதனுடன் வரவில்லை. மக்களின் தரவு எங்கே போய், என்ன ஆகிறது என்று அறிய விரும்புகிறவருக்கு அந்தப் பகுதிதான் முதன்மையானது என்பதால், எதைத் திறக்கிறோம் என்பதும் உரிமத்துக்கு நிகரான கேள்வி.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்காகத் தனியார் நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்த மென்பொருளைத் திறந்துவிட நினைக்கிறோம். பணம் முழுவதையும் செலுத்திவிட்டோம். ஆனால் மூலநிரல் தங்களுடையது என்கிறது அந்த நிறுவனம். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது, கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததால், அதில் இது பற்றி ஒன்றும் இல்லையோ என்று சந்தேகிக்கிறேன். பணம் கொடுத்தவரே உரிமையாளர் என்று பல நாட்டுச் சட்டங்கள் கருதுவதில்லை. வெளியார் எழுதிய நிரலின் உரிமை உங்களிடம் வர, எழுத்து மூலமான உரிமை மாற்றம் வேண்டும். இந்தியச் சட்டத்தின் "அரசுப் படைப்பு" என்ற வரையறை அரசின் பக்கம் ஒரு வாதத்தைத் தருகிறது என்றாலும், மாறான உடன்படிக்கை இருந்தால் அதுவே வெல்லும் என்று மேலே சொன்ன 17ஆம் பிரிவு சொல்கிறது. நிறுவனம் தயாரித்துக் கொடுத்த ஒப்பந்த வரைவில் அலுவலகம் படிக்காமல் கையொப்பமிட்டிருந்தால், அந்த மாறான உடன்படிக்கை அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

என் கருத்தில், அரசு நிரலின் உரிமம் அது வெளியாகும் நாளில் முடிவாவதில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரும் நாளில் முடிவாகிறது. கடந்துபோன ஒப்பந்தத்துக்குப் பேச்சுவார்த்தைதான் வழி. அடுத்ததற்கு இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: இப்பணிக்காகப் புதிதாக எழுதப்படும் நிரலின் பதிப்புரிமை முழுவதும் அரசுக்கு மாற வேண்டும், அல்லது அந்த நிரல் குறிப்பிட்ட ஒரு கட்டற்ற உரிமத்திலேயே ஒப்படைக்கப்பட வேண்டும். நிறுவனம் முன்பே எழுதி வைத்திருந்த பகுதிகளை இதற்குள் பயன்படுத்துமானால், எவை என்று தொடக்கத்திலேயே பட்டியலிட்டு, அவற்றையும் அதே உரிமத்தில் தர இசைய வேண்டும். இந்த வாக்கியம் விடுபட்ட ஒப்பந்தங்களில், திறக்கும் நேரத்தில் "நடுவில் இருக்கும் இயந்திரம் மட்டும் எங்களுடையது" என்ற பேச்சு வரும். பிறரிடமிருந்து எடுத்துச் சேர்த்த நிரல் நூலகங்களின் (ஆயத்த நிரல் தொகுதிகளின்) பெயர், பதிப்பு, உரிமம் ஆகியவையும் தரப்பட வேண்டும்.

ஒப்படைப்பது எதை என்பதையும் விளக்கமாக எழுதுங்கள். நான் அறிந்த ஓர் அலுவலகத்தில், இறுதித் தவணைக்கு முன் மூலநிரல் ஒரு வட்டில் வந்து சேர்ந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் ஆயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்து, இயக்கக்கூடிய மென்பொருளாகத் தொகுத்துப் பார்த்தபோது, பாதிக் கோப்புகள் பழைய பதிப்பைச் சேர்ந்தவை. தரவுத்தள அமைப்பு அதில் இல்லை. தொகுக்கும் முறை எங்கும் எழுதப்படவில்லை. கையில் இருந்தது மூலநிரல் என்ற பெயருடைய ஒரு வட்டு. ஆகையால் ஒவ்வொரு தவணையின்போதும் அரசின் கணினியில், அரசு ஊழியர் ஒருவர், தரப்பட்ட கோப்புகளை மட்டும் கொண்டு மென்பொருளைத் தொகுத்து இயக்கிக் காட்ட வேண்டும், அதன் பிறகே பணம் என்று வையுங்கள். உரிமை காகிதத்தில் வந்தும் நிரல் வராமல் போவது, உரிமையே வராததற்குச் சமம்.

கேள்வி: அரசு நிரலைத் திறந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றிய நாடுகள் உண்டா?

பதில்: உண்டு. சுவிட்சர்லாந்தில் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள கூட்டரசுச் சட்டம் ஒன்று, அச்சட்டத்துக்கு உட்பட்ட அரசு அமைப்புகள் தாம் எழுதும், அல்லது எழுதி வாங்கும் மென்பொருளின் மூலநிரலை வெளியிட வேண்டும் என்கிறது. பிறரின் உரிமைகளோ பாதுகாப்புக் காரணங்களோ குறுக்கிட்டால் மட்டுமே விலக்கு. இயன்றவரை உலக அளவில் நிலைபெற்ற உரிம வாசகங்களையே பயன்படுத்த வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் நிரல் எழுதுபவர்களைக் கலந்து பேசியிருக்கிறார்கள் என்று அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. அமெரிக்காவில் 2016 ஆகஸ்டில் வந்த கொள்கை, புதிதாக எழுதி வாங்கும் நிரலில் குறைந்தது 20 சதவீதத்தைத் திறமூலமாக வெளியிடுமாறு மூன்றாண்டுச் சோதனை முயற்சியாகக் கூட்டரசு அமைப்புகளைக் கேட்டது. அங்கு 2024 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமோ, அரசு அமைப்புகள் தமக்குள் நிரலைப் பகிர்ந்துகொள்வதைப் பற்றியது. ஒரே நிரலுக்கு இரண்டு துறைகள் தனித்தனியே பணம் கொடுப்பதை அது குறைக்கலாம். பொதுமக்களுக்கு அதனால் எந்த உரிமையும் வருவதில்லை.

கேள்வி: மக்கள் வரிப்பணத்தில் எழுதியதை ஒரு நிறுவனம் எடுத்து, சிறிது மாற்றி, எங்களுக்கே விற்றால் என்ன செய்வது? வணிகப் பயன்பாட்டைத் தடை செய்யும் உரிமம் ஒன்றை எங்கள் சட்டப் பிரிவே எழுதினால் என்ன?

பதில்: வணிகப் பயன்பாட்டைத் தடுத்தால் அது கட்டற்ற மென்பொருள் அல்ல, எந்த நோக்கத்துக்காகவும் இயக்கும் உரிமை அங்கேயே போய்விடுகிறது. உங்கள் மென்பொருளை வேறோர் ஊராட்சி நிறுவ விரும்பினால், அதை நிறுவிப் பராமரித்துக் கொடுக்கும் சிறு நிறுவனமும் வணிகம்தான். விற்பனையைத் தடுக்க வேண்டாம். மூடுவதைத் தடுத்தால் போதும். அதற்கென்றே இருப்பவை, மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஜிபிஎல் வகை உரிமங்கள். அரசு மென்பொருளில் பெரும்பகுதி, பயனரின் கைக்கு நகலாகப் போகாமல் வழங்கியிலிருந்தே ஓடுவதால், ஜிபிஎல் நிபந்தனை பல நேரங்களில் தொடங்குவதே இல்லை. வலைவழிப் பயன்பாட்டையும் கணக்கில் எடுக்கும் ஏஜிபிஎல் அங்கே பொருந்தும். ஐரோப்பிய ஆணையம் 2007இல் உருவாக்கிய இயுபிஎல் உரிமமும் வலைவழிச் சேவையை விநியோகமாகவே கருதுகிறது. 2017இல் வந்த அதன் 1.2ஆம் பதிப்பு 23 மொழிகளில் இருக்கிறது, எந்த மொழி வாசகமும் சட்டத்தின் முன் சமமானது. ஜிபிஎல் போன்ற குறிப்பிட்ட சில உரிமங்களில் உள்ள நிரலோடு கலக்கவும் அது இடம் தருகிறது.

எல்லாவற்றுக்கும் இவையே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தரவு வடிவத்தையோ இணைப்பு நெறிமுறையையோ எல்லோரும் கைக்கொள்ள வேண்டும் என்பது நோக்கமானால், எம்ஐடி, அப்பாச்சி போன்ற தளர்வான உரிமங்கள் நல்லவை. எஸ்டோனியாவில் பிறந்து பின்லாந்தும் சேர்ந்து வளர்க்கும் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற மென்பொருள் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. அது பிற நாடுகளுக்கும் பரவியதற்கு அந்தத் தளர்வும் உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். குடிமக்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சேவையாக இருந்தால் ஏஜிபிஎல் அல்லது இயுபிஎல் பக்கமே நான் சாய்வேன்.

சொந்தமாக உரிமம் எழுதும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பிரான்சின் மூன்று பொது ஆய்வு நிறுவனங்கள் 2004இல் செசில் உரிமத்தை எழுதியபோது, தம் நாட்டுச் சட்டத்துக்கு ஏற்ப அமைத்தாலும், ஜிபிஎல் நிரலோடு கலக்கலாம் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். அது விதிவிலக்கு. நாசா தனக்கென எழுதிய உரிமத்தில், மாற்றம் செய்பவரின் மாற்றங்கள் அவருடைய சொந்தப் படைப்பாகவே இருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் இடம்பெற்றது. பிற இடங்களில் உள்ள கட்டற்ற நிரலை எடுத்துச் சேர்ப்பதுதான் இத்துறையின் அன்றாட வழக்கம் என்பதால், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அந்த உரிமத்தைக் கட்டற்றது அல்ல என்று கூறிவிட்டது. நல்ல எண்ணத்தோடு எழுதிய ஒரு வாக்கியம், விளைவு இப்படி.

கேள்வி: நிரலைத் திறந்தால் திருடர்களுக்கு வழிகாட்டியது போல் ஆகாதா?

பதில்: பூட்டின் அமைப்பு தெரிந்தாலும் சாவி இல்லாமல் திறக்க முடியாததுதான் நல்ல பூட்டு, மறைகுறியியலில் (செய்திகளை மறைத்து எழுதும் துறையில்) கெர்க்ஹாஃப்ஸ் என்ற அறிஞர் 1883லேயே சொன்ன கருத்து இது. கடவுச்சொற்களும் மறைசாவிகளும் நிரலுக்குள் இருக்கக் கூடாது, திறந்தாலும் திறக்காவிட்டாலும். வெளியிடுவதற்கு முந்தைய நாள் அவற்றை அழித்துவிட்டோம் என்று நிம்மதி அடையாதீர்கள். பழைய பதிப்புகளின் வரலாற்றில் அவை இருந்துகொண்டே இருக்கும், சாவிகளையே மாற்றுங்கள். மோசடியைக் கண்டறியும் விதிகள் போன்ற சில பகுதிகளை மூடி வைக்க நியாயம் உண்டு. அவற்றைத் தனிக் கூறாகப் பிரித்து வைத்தால், அவற்றைக் காரணம் காட்டி மீதி முழுவதையும் மூட வேண்டியிராது.

கேள்வி: வெளியார் அனுப்பும் திருத்தங்களை ஏற்கலாமா? அவை யாருக்குச் சொந்தம்?

பதில்: ஏற்கலாம். அனுப்பியவருக்கே சொந்தம், திட்டத்தின் உரிமத்திலேயே தருகிறேன் என்று அவர் உறுதி கூறினால் போதும். லினக்ஸ் கருவில் 2004 முதல் வழக்கத்தில் உள்ள, ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் பெயரிட்டு ஒரு வரியில் சான்றளிக்கும் முறை அரசுக்கும் போதுமானது. பதிப்புரிமையையே அரசுக்கு எழுதித் தரச் சொன்னால், ஓய்வு நேரத்தில் உதவ வந்தவர் அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

கேள்வி: ஜிபிஎல் உரிமத்தில் உள்ள ஒரு மென்பொருளை எங்கள் தேவைக்கு மாற்றிப் பயன்படுத்துகிறோம். அதை வேறொரு துறைக்கும், ஒரு பொதுத்துறைக் கழகத்துக்கும் கொடுத்தோம். இப்போது மூலநிரலை உலகுக்கு வெளியிட வேண்டியது கட்டாயமா?

பதில்: உலகுக்கு வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. மாற்றியதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ள ஜிபிஎல் அனுமதிக்கிறது; பிறருக்கு நகல் கொடுக்கும்போதுதான் கடமை எழுகிறது, அதுவும் நகலைப் பெற்றவருக்கு மூலநிரலைத் தரும் கடமை. ஒரே அரசின் இரண்டு துறைகள் சட்டத்தின் முன் ஒரே ஆளாகக் கருதப்பட்டால், அவற்றுக்கிடையே நகர்வது பிறருக்குக் கொடுத்ததாகாது. அது அந்தந்த நாட்டின் சட்ட அமைப்பைப் பொறுத்தது. உங்களுக்காக மட்டும் மாற்றம் செய்து தர ஒப்பந்தக்காரரிடம் நகலை ஒப்படைப்பதற்கும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு தனியே இடம் தருகிறது. ஆனால் பொதுத்துறைக் கழகம் வழக்கமாகத் தனிச் சட்ட ஆளுமை உடையது. அதற்குக் கொடுத்த நகலோடு மூலநிரலும் உரிம வாசகமும் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் இப்போதே அனுப்பிவிடுங்கள். மூன்றாம் பதிப்பின்படி, முதன்முறை தவறியவர், உரிமையாளரின் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் சரிசெய்துவிட்டால் அவருடைய உரிமம் தொடரும். கொடுத்தது அரசு என்பதற்காக ஜிபிஎல் தனிச் சலுகை எதுவும் வைக்கவில்லை.